டேபிள் ரோஸ் கட்டிங் காம்போ: புல்லுக்கு பதிலா தரைல படர விட வாங்கலாமா?

டேபிள் ரோஸ், பத்து மணிப் பூ, எப்படி வேணா கூப்பிடுங்க, அந்த செடியோட கட்டிங் காம்போ, அதாவது நடுறதுக்கு ஒடிச்ச தண்டுங்கள பல கலர்ல சேத்து விக்கிறது, அத பத்தின ரிவியூ இது. தொட்டில வெச்சு வளக்குறத பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க, நான் வாங்குனது அதுக்கில்ல, வீட்டு வாசல்ல மண்ணு தெரியாம தரையோட தரையா படர விடுறதுக்கு. அதனால அந்த ஒரு விஷயத்துக்கு இது சரிப்படுமான்னு மட்டும் பாத்து எழுதுறேன். பதில முன்னாடியே சொல்லிடுறேன், காம்போ நல்லாதான் இருக்கு, சொன்ன அளவுக்கு குடுத்திருக்காங்க, ஆனா தரைக்குன்னு வாங்குறவங்க அதுல பாதி ரகத்துக்கு காசு குடுக்க வேண்டியதே இல்ல.

எடத்த பத்தி சொன்னாதான் மீதி புரியும். சென்னைல சேலையூர் பக்கம் வீடு, காம்பவுண்ட் சுவருக்கும் கார் நிக்கிற சிமெண்ட் தரைக்கும் நடுவுல ரெண்டடி அகலத்துக்கு நீளமா ஒரு மண் பட்டை, தெக்கு பாத்தது, காலைல விழுற வெயில் சாயங்காலம் வரைக்கும் நகராது, போதாக்குறைக்கு சிமெண்ட்டுல இருந்தும் சுவத்துல இருந்தும் அனல் அடிக்கும். முன்னாடி அங்க கார்பெட் கிராஸ் போட்டிருந்தோம். தினம் தண்ணி விட்டா பச்சையா இருக்கும், ஊருக்கு போயிட்டு வந்தா காஞ்சு கெடக்கும், அந்த குறுகல்ல மிஷின் விட்டு வெட்டவும் முடியாது, கோரை வேற முளைச்சிரும். ஏப்ரல் மே மாசத்துல லாரி தண்ணி வாங்குற ஏரியா இது, புல்லுக்கு ஊத்துறதுக்கு மனசு வரல.

தோட்ட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் வெடேலியா போடுங்கம்மா, ஒரு மாசத்துல மூடிரும், கேக்கவே வேணாம்னார். மூடிரும்னு எனக்கும் தெரியும், அதான் பயமே. மஞ்சப் பூ பூக்குற அந்த கொடி உலகத்துலயே மோசமா ஊடுருவுற 100 உயிரினங்கள்னு ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கை பாதுகாப்பு அமைப்பு போட்ட லிஸ்ட்ல இருக்கு, ரோட்டு ஓரம் கால்வாய் ஓரமெல்லாம் எப்படி படந்து கெடக்குன்னு நீங்களே பாத்திருப்பீங்க. பக்கத்து காலி மனைக்கு போச்சுன்னா அப்புறம் யாரு பிடுங்குறது. தயவு செஞ்சு அத மட்டும் வெக்காதீங்க, ஃப்ரீயா குடுத்தாலும் வேணாம்.

அப்பதான் சதைப்பத்து உள்ள செடியா, தாழ்வா படர்றதா, வெயில தாங்குறதா தேடிட்டு டேபிள் ரோஸ்ல வந்து நின்னேன். இதோட பூர்வீகம் தென் அமெரிக்கா, பிரேசிலோட தெக்கு பக்கம், உருகுவே, அர்ஜென்டினா. சத்து இல்லாத மணல் காட்டுல காயுற வெயில்ல வளர்ற ஜாதி. இலையும் தண்டும் தண்ணிய சேத்து வெச்சுக்கும். டேபிள் ரோஸ் இருக்குற போர்டுலாகா குடும்பத்துக்கு இன்னொரு தெறமையும் இருக்கு. கரும்பும் சோளமும் கடும் வெயில்ல வேகமா வளர ஒரு வழி வெச்சிருக்கு, கள்ளி மாதிரி செடிங்க ராத்திரில மட்டும் இலைத்துளைய தெறந்து காத்து வாங்கி பகல்ல மூடிக்கிட்டு தண்ணிய மிச்சம் பிடிக்கிறது இன்னொரு வழி, போர்டுலாகா செடிங்க இந்த ரெண்டு வழியையும் ஒரே இலைல வெச்சிருக்கு. தண்ணி இருந்தா கரும்பு வழி, தண்ணி கொறஞ்சா கள்ளி வழியும் சேந்துக்கும். டேபிள் ரோஸோட பங்காளி பருப்புக்கீரைல இந்த ரெண்டும் ஒரே செல்லுக்குள்ளயே நடக்குதுன்னு 2022ல யேல் பல்கலைக்கழகத்து ஆளுங்க கண்டுபிடிச்சு எழுதியிருந்தாங்க. அத படிச்சதும் இதுதான் நம்ம வாசலுக்குன்னு முடிவு பண்ணிட்டேன்.

சரி, வாங்குன கதை. கேரளால வீட்டுலயே வளத்து விக்கிற பெண்கள் நிறைய பேர் இருக்காங்க, பாலக்காடு திருச்சூர் பக்கமெல்லாம் மொட்டை மாடி முழுக்க இதுதான், ஃபேஸ்புக்ல படம் போட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து கூரியர்ல அனுப்புவாங்க. அப்படி ஒரு சேச்சிகிட்ட 25 கலர் காம்போ எடுத்தேன், ஒவ்வொரு கலர்லயும் மூணு தண்டு, கூரியர் சேத்து 350 ரூபா. நம்மூர் நர்சரில ஒரு சின்ன தொட்டி செடியே 40, 50 ரூபா சொல்றாங்க, அந்த கணக்குல பாத்தா இது சல்லிசு. தமிழும் மலையாளமும் கலந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாங்க, எது கேட்டாலும் பொறுமையா பதில். தரைல நடப்போறேன்னு சொன்னதுக்கு, "மோளே, மழைக்கு முன்ன நடண்டா (நடாத), வெயில் தொடங்கட்டும், அப்ப அனுப்புறேன்"னு அவங்களே நிறுத்தி வெச்சு ஜனவரி கடைசில அனுப்புனாங்க. விக்கிறவங்க இப்படி சொல்றது பெரிய விஷயம். காசு வந்தா போதும்னு ஐப்பசி மழைல அனுப்பிருந்தா அத்தனையும் அழுகிருக்கும்.

பேக்கிங்க பத்தி தனியா சொல்லணும், ஏன்னா தபால்ல செடி வாங்கி நொந்து போனவங்க இங்க நெறைய. ஒவ்வொரு ரகத்தையும் காஞ்ச நியூஸ்பேப்பர்ல சுருட்டி, மேல மாஸ்கிங் டேப்ல மார்க்கர்ல கலர் பேர் எழுதி, அட்டைப்பெட்டில நிக்க வெச்ச மாதிரி அடுக்கி, பெட்டில நாலு பக்கமும் ஓட்டை. ஈரத்துணி கெடையாது, பிளாஸ்டிக் கவர் கெடையாது. அதுதான் சரி. இந்த தண்டு வாடலாம், வாடுனா பொழைக்கும், ஈரத்தோட மூடி வெச்சா ஒரே நாள்ல கொழகொழன்னு ஆயிரும். கூரியர்காரங்க ஞாயித்துக்கெழமை சேத்து ரெண்டு நாள் கூடுதலா எடுத்துக்கிட்டாங்க, இருந்தும் பெட்டிய தெறந்தா இலை மட்டும் கொஞ்சம் சுருங்கி தொவண்டு இருந்துச்சு, தண்டு கெட்டியா இருந்துச்சு. ரெண்டு மூணு கட்டுல மட்டும் அடித்தண்டு கறுத்து போயிருந்தது, அத நறுக்கி எடுத்துட்டு மேல் துண்ட வெச்சேன், வந்துருச்சு. வீடியோ அனுப்புனேன், அடுத்த ஆர்டர்ல சேத்து அனுப்புறேன்னாங்க, சொன்ன மாதிரியே அனுப்புனாங்க. வாடி வந்துச்சுன்னு பதறி தண்ணி பக்கெட்ல ஊற போடாதீங்க. நெழல்ல ஒரு ராத்திரி பரப்பி வெச்சுட்டு மறுநாள் சாயங்காலம் நட்டா போதும், வெட்டுன வாய் காஞ்சிருக்கும், அழுகல் உள்ள போகாது.

மண்ண பத்தி கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா இந்த செடி பொழைக்கிறதும் சாகுறதும் அங்கதான். எங்க எடத்துல மேல செம்மண்ணு, கீழ வீடு கட்டுறப்ப கொட்டுன களிமண்ணும் செங்கல் உடைசலும். ஒரு ஜாண் ஆழத்துக்கு கொத்தி விட்டு, பாதிக்கு பாதி ஆத்து மணல் கலந்து, மக்குன தொழு உரம் கை அளவுக்கு அங்கங்க தூவி, சுவர் பக்கம் ஒசத்தி கார் பக்கம் சரிவா இழுத்து விட்டேன். அந்த சரிவுதான் முக்கியம். தட்டையா வெச்சா ஒரு மழைக்கே தண்ணி நிக்கும். நர்சரில எதுக்கெடுத்தாலும் கோகோபீட், அதான் தேங்கா நார்த்தூள், கலக்க சொல்வாங்க, இதுக்கு வேணவே வேணாம், அது ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும், இதுக்கு ஈரந்தான் எமன். எம்சாண்டு போடலாமான்னு கேப்பீங்க, அதுல தூசி ஜாஸ்தி, நனைஞ்சா இறுகிரும், சலிச்சு கழுவி போட்டா பரவால்ல.

நடுறதுக்கு ஒண்ணும் வித்தை இல்ல. விரல் நீளத் தண்டு, கீழ இருக்குற இலைய உருவிட்டு ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி குச்சியால ஓட்டை போட்டு சொருகி சுத்தி அழுத்தி விடுறது, அரை அடிக்கு ஒண்ணு. நட்டன்னைக்கு லேசா தெளிச்சுட்டு அப்புறம் மேல் மண்ணு காஞ்சா மட்டும். ஒரு வாரம் பத்து நாள்ல தொட்டு இழுத்து பாத்தா விடாது, வேர் பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். நுனிய ஒரு தடவை கிள்ளி விட்டா பக்கத்துல ரெண்டு மூணா கெளைக்கும், கிள்ளுனத பக்கத்துலயே சொருகிடலாம். மார்ச் கடைசிக்குள்ள ரெண்டடி பட்டைல மண்ணு தெரியாம போச்சு.

இப்ப ரகத்துக்கு வரேன், காசு விஷயமே இதுதான்.

காம்போல வந்தத மூணு விதமா பிரிக்கலாம். ஒண்ணு ஊசி மாதிரி ஒல்லி இலை, கணுவுக்கு கணு வெள்ளை முடி, ஒத்தை அடுக்கு ராணி கலர் பூ, நம்ம பாட்டி வீட்டுல ஓட்டை பக்கெட்ல இருந்த அதே பழைய செடி. ரெண்டாவது அதே ஊசி இலைல அடுக்கடுக்கா ரோஜா மாதிரி பூக்குறது, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, பீச், வெள்ளைல ரோஸ் கோடு போட்டதுன்னு விதவிதமா. மூணாவது இலை தட்டையா பருப்புக்கீரை மாதிரி இருக்கும், பூ பெருசு, ஒத்தை அடுக்கு, நடுவுல வேற கலர், இதைத்தான் ஜம்போன்னு விக்கிறாங்க.

படத்துல எல்லாரையும் கவுக்குறது ரெண்டாவது. தரைக்கு அதுதான் லாயக்கில்ல. அடுக்குப் பூ கனம், தரையோட ஒட்டி இருக்குறதால பனி, தண்ணி எதுவும் உள்ள பூந்தா வெளில வராது, வாடுன பூ ஈர உருண்டையா தண்டுமேலயே ஒட்டிக்கிட்டு அதுல இருந்து அழுகல் தண்டுக்கு எறங்குது. தொட்டில இருந்தா தினம் காலைல வாடுனத கிள்ளி எடுக்கலாம், இருபதடி நீளத்துக்கு குனிஞ்சு யாரு கிள்ளுறது. வளத்தியும் நிதானம், நடுவுல வழுக்கை விழும், அந்த எடத்துல களை வரும். வெள்ளையும் பீச்சும் முதல்ல போயிருச்சு, மஞ்சள் அடுக்கு மட்டும் கொஞ்சம் தெம்பா நின்னுச்சு.

மூணாவது தட்டை இலை நல்லா படரும், சீக்கிரம் மூடும், மத்தியானம் வரைக்கும் பூ வாடாம இருக்கும். வாசலுக்கு கலர் வேணும்னா இதுதான். ஆனா தண்டு உடையுற ஜாதி, நாய் ஓடுனா, பந்து விழுந்தா பொட்டுனு ஒடிஞ்சிரும், ஒடிஞ்சது விழுந்த எடத்துலயே வேர் விடும்ங்கிறது ஒரு ஆறுதல்.

அந்த பழைய ராணி கலர் ஊசி இலைதான் நான் இந்த ரிவியூவே எழுதுறதுக்கு காரணம். காம்போல மூணே மூணு தண்டு, லேபிள்ல "நாடன்"னு, அதாவது நாட்டு ரகம்னு, எழுதிருந்தது, கணக்கு ரொப்ப போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். தரையோட ஒட்டி பாய் விரிச்ச கணக்கா போகுது, அக்னி நட்சத்திரத்துல சிமெண்ட் ஓரத்துல வெறுங்கால் வெக்க முடியாத சூட்டுல தண்டு சிவந்து இலை இன்னும் குட்டியாகி இறுகிக்குச்சே தவிர வாடல. வாரம் ஒரு தடவை தண்ணி, மறந்தாலும் கோச்சுக்கல. பூ தானா காஞ்சு உதிந்துரும், கிள்ள வேண்டியதில்ல. விதையும் ஏராளமா கட்டுது. பூ வாடுன எடத்துல சின்னதா ஒரு காய், முத்துனதும் குங்குமச்சிமிழ் மூடி மாதிரி மேல்பாதி அப்படியே கழண்டு விழும், உள்ள சாம்பல் கலர்ல மினுமினுன்னு பொடி விதை, காத்துல சிதறி சிமெண்ட் விரிசல்ல கூட முளைச்சிருக்கு. சேச்சிகிட்ட அடுத்த தடவை இது மட்டும் நூறு தண்டு வேணும்னேன், அவங்களுக்கு ஆச்சரியம், அத யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க மோளேன்னு வெறும் கூரியர் காசுக்கு அனுப்பி விட்டாங்க. உங்க தெருவுலயே யார் வீட்டுலயாவது இருக்கும், கேட்டா ஒரு கை ஒடிச்சு குடுப்பாங்க.

பூவ பத்தி ஒண்ணு, தரைல வெச்சா குனிஞ்சு உக்காந்து பாக்க வேண்டியிருக்குமேன்னு நெனைக்காதீங்க, உக்காந்து பாருங்க. காலைல வெயில் நல்லா ஏறுனதும் ஒண்ணொண்ணா விரியும், மேகமா இருந்தா பாதிதான் தெறக்கும், மழை நாள்ல கண்ணே முழிக்காது, ஒரு பூவுக்கு ஒரே பகல்தான் ஆயுசு. விரிஞ்ச பூ நடுவுல மஞ்சளா கத்தையா மகரந்தக் கேசரம் இருக்கும்ல, ஈர்க்குச்சி முனையால ஒரு பக்கமா மெல்ல தொட்டுட்டு பாருங்க, கேசரமெல்லாம் மெதுவா தொட்ட பக்கம் சாயும். கண்ணுக்கு முன்னாடியே நடக்கும். தேனீ உள்ள எறங்கி பொரளுறப்ப மகரந்தம் அது மேல அப்பிக்க இப்படி ஒரு ஏற்பாடு. எங்க வீட்டு சின்னது ஸ்கூலுக்கு போற வரைக்கும் லீவு நாள் பூரா இதே வேலையா இருந்தா. கொசுத்தேனீ, சின்ன தேனீயெல்லாம் ஒம்போது பத்து மணிக்கு மொய்க்கும், அந்த நேரத்துல மருந்து எதுவும் அடிக்காதீங்க. அந்த ராணி கலரும் மஞ்சளும் பீட்ரூட்ல இருக்குற அதே வகை சாயம், அதான் நசுக்குனா கைல அப்படி ஒட்டுது.

பூச்சி பெருசா வரல. மாவுப்பூச்சி சுவர் ஓரத்துல கொஞ்சம் வந்துச்சு, தண்ணிய வேகமா அடிச்சு, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் சாயங்காலமா தெளிச்சேன், அடங்கிருச்சு. ஆகஸ்ட் வாக்குல கறுப்பா முள்ளு முள்ளா புழு தட்டை இலை ரகத்த தின்னுட்டு இருந்துச்சு, பாக்கவே பயமா இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா உடனே மருந்து அடிக்க சொன்னாங்க. அது டானைட் எக்ஃப்ளைங்கிற பட்டாம்பூச்சியோட புழு, பருப்புக்கீரையும் அதோட சொந்தங்களும்தான் அதுக்கு சாப்பாடு. ஆண் பட்டாம்பூச்சி கறுப்பு, றெக்கைல பெரிய வெள்ளை பொட்டு, அத சுத்தி ஊதா பளபளப்பு. பெண் பாக்க அச்சு அசல் எருக்கஞ்செடில முட்டை வெக்கிற அந்த ஆரஞ்சு பட்டாம்பூச்சி மாதிரியே இருக்கும், அது கசக்கும்னு பறவைங்க தொடாது, அந்த வேஷத்துல இதுவும் தப்பிச்சுக்கும். விட்டுட்டேன், கொஞ்சம் மொட்டையாச்சு, திரும்ப தழைஞ்சிருச்சு. தழையுற செடிதானே, தின்னுட்டு போகட்டும்.

களை விஷயத்துல ஒரு உஷார் வேணும். இந்த படுகைல தானா ரெண்டு முளைக்கும். ஒண்ணு பருப்புக்கீரை, மஞ்ச குட்டிப் பூ, பிடுங்கி பருப்போட கடைஞ்சிடலாம். இன்னொண்ணு தரையோட ஒட்டி படர்ற அம்மான் பச்சரிசி ஜாதி, சிவந்த தண்டு, குட்டி இலை, அவசரத்துல பாத்தா ஒண்ணு மாதிரியே தெரியும். ஒடிச்சு பாருங்க, பால் வந்தா அது கீரை இல்ல. டேபிள் ரோஸ் இலையையும் கீரையோட சேத்து பறிச்சிடாதீங்க. நாய் பூனை வளக்குறவங்களுக்கும் சொல்லணும், இந்த குடும்பத்து செடில ஆக்சலேட் உப்பு இருக்கு, நாய்க்கும் பூனைக்கும் ஆகாதுன்னு அமெரிக்காவோட ஏஎஸ்பிசிஏங்கிற விலங்கு நல அமைப்பு லிஸ்ட்ல போட்டிருக்காங்க, கடிச்சு மெல்லுற பழக்கம் உள்ள குட்டி இருந்தா யோசிச்சு வைங்க.

மழை. இதுக்குத்தான் ஒரு ஸ்டார் கொறைக்கிறேன். கோடைல இதுக்கு நிகர் இல்ல, ஆனா நம்ம பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை அடிச்சு ஊத்துறப்ப, விடாம நாலு நாள் பெஞ்சா அடுக்கு ரகம் முழுக்க போயிரும், தட்டை இலைல பாதி போயிரும், நத்தை வேற வரும். காம்போ விக்கிற எந்த படத்துலயும் இத சொல்ல மாட்டாங்க, "வருஷம் முழுக்க பூக்கும்"னு போடுறாங்க, நம்ம கடலோர ஊர்ல அது நடக்காது. கோயம்புத்தூர், திருப்பூர் மாதிரி மழை கம்மியான பக்கம் தாங்கலாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம்னா செப்டம்பர் கடைசிலயே ஒவ்வொரு கலர்லயும் நாலு தண்டு ஒடிச்சு குரோபேக்ல சொருகி சன்ஷேடுக்கு அடில மழை படாம வெயில் படுற மாதிரி வெச்சிருங்க. நாட்டு ராணி கலர் கூட நவம்பர்ல இளைச்சு போச்சு, ஆனா தை பொறந்து வெயில் வந்ததும் கொட்டுன விதையெல்லாம் பச்சை பாசி மாதிரி முளைச்சு தானா மூடிருச்சு, நான் மண்ண கெளறக்கூட இல்ல. மத்த ரகத்துக்கு திரும்ப நடணும்.

ஃப்ரீ கிஃப்ட்டுன்னு ரெண்டு வேற தண்டு வெச்சிருந்தாங்க. ஒண்ணு பேபி சன் ரோஸ், இதய வடிவ இலை, குட்டி சிவப்பு பூ, தென் ஆப்பிரிக்கா செடி, சுவர் நெழல் விழுற மூலைல வெச்சேன், அங்க டேபிள் ரோஸ் பூக்கவே பூக்காது, இது ஜம்முனு படருது, மழையையும் ஓரளவு தாங்குச்சு. அரை நெழல் எடம் வெச்சிருக்கவங்க இத தனியாவே வாங்கலாம். இன்னொண்ணு கோல்டன் சீடம், பாக்க அவ்ளோ அழகு, எங்க புழுக்கத்துக்கு ஒரு கோடை கூட தாங்கல, ஊட்டி கொடைக்கானல் பெங்களூர்காரங்க வெச்சுக்கட்டும்.

நம்மூர் நர்சரிலயும் வாங்கி பாத்தேன், ஈசிஆர் பக்கம் ஒரு கடை. செடி பெருசா பூவோட இருக்கும், ஆந்திராவுல கடியத்துல இருந்து லாரில வர்றதுதான் நெறைய. முழுக்க கோகோபீட்ல வளந்தது, அப்படியே மண்ணுல வெச்சா அந்த பந்து மட்டும் ஈரமா நின்னு அடில அழுகுது. அந்த கடைல இருந்த அம்மா நல்லா சொன்னாங்க, "வேர எதுக்கு தூக்கிட்டு போறீங்க கண்ணு, மேல வெட்டி நடுங்க, தொட்டிய திரும்ப தழைய விடுங்க"ன்னு. ஒரு தொட்டில பத்து பதினஞ்சு தண்டு கெடைக்குது, கூரியர் காசும் இல்ல. ஒரே கலர் நெறைய வேணும்னா இந்த வழிதான் மலிவு. விதை பாக்கெட் வேணாம், அட்டைல போட்ட அடுக்குப் பூ வராது, முளைச்சதுல பாதி ஒத்தை அடுக்கு, பொடி விதைங்கிறதால எறும்பு வேற தூக்கிட்டு போயிரும்.

போர் தண்ணி உப்பா இருக்குறவங்க, கடற்கரை பக்கத்துல வீடு இருக்குறவங்க, டேபிள் ரோஸுக்கு முன்னாடி செசுவியம் பாருங்க. கடற்கரை மணல்லயும் உப்பங்கழி ஓரத்துலயும் தடிச்ச இலையோட ரோஸ் நட்சத்திர பூவோட படந்து கெடக்குமே அதுதான். உப்ப உள்ள வாங்கி தன் உடம்புலயே சேத்து வெச்சுக்குற செடி, துபாய் அபுதாபில ரோட்டு நடுவுல அத தான் பரப்பி விட்டிருக்காங்க, அங்க வேலை பாக்குறவங்களுக்கு பாத்ததும் தெரியும். எங்க தண்ணி அவ்ளோ உப்பு இல்லைங்கிறதால நான் வெக்கல.

இது எதுவும் மிதிக்கிற தரை இல்ல, அதையும் சொல்லிடுறேன். புல்லு மாதிரி மேல நடக்க, பசங்க வெளையாட ஆகாது, நடுவுல ரெண்டு கடப்பா கல்லு போட்டுக்குங்க, அதுக்கு சுத்தி வளரட்டும்.

காம்போவுக்கு அஞ்சுக்கு நாலு. பேக்கிங், பேச்சு, கணக்கு சுத்தம் எல்லாத்துக்கும் முழு மார்க், மழை விஷயத்த விளம்பரத்துல மறைச்சதுக்கு ஒண்ணு போச்சு. தொட்டிக்காரங்க 25 கலரையும் எடுங்க. தரைக்காரங்க விக்கிறவங்ககிட்ட ரகம் பிரிச்சு கேளுங்க, தட்டை இலைல நாலஞ்சு கலர், மீதி பூரா நாட்டு ஊசி இலை, அப்படி குடுக்க முடியாதுன்னா வேற ஆள பாருங்க, குடுக்குறவங்க நெறைய இருக்காங்க. ஆர்டர் போடுறது பொங்கல் முடிஞ்சு, திங்கக்கெழமை அனுப்ப சொல்லுங்க, அப்பதான் ஞாயித்துக்கெழமை கூரியர் குடோன்ல மாட்டாது.